வினைமுதல்

எங்கள் அலுவலகக் கோப்புகளில் பல ஆண்டுகளாக யாரும் எதையும் செய்ததே இல்லை. மதகு திறக்கப்பட்டது. உடைப்பு அடைக்கப்பட்டது. மனு பரிசீலிக்கப்பட்டது. திறந்தது யார், அடைத்தது யார் என்று பிற்பாடு ஒருவர் வந்து கேட்டால், கோப்பைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் ஓர் ஆள் கீழே விழமாட்டார். இப்படி ஆளில்லாமல் நடந்த காரியங்களைப் பற்றி விசாரிக்கவே ஏழெட்டுக் குழுக்கள் உட்கார்ந்து எழுந்தன. அதற்குப் பிறகுதான் அரசு அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்தது. இலக்கணத்தில் வினையைச் செய்பவரைக் குறிக்கும் 'வினைமுதல்' என்ற சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்கள்.

வினைமுதல் எல்லாவற்றையும் படிக்கும். குறிப்பு, கடிதம், குழுச் செய்தி, கூட்டத்தில் பேசியதன் ஒலிப்பதிவு எதுவும் தப்பாது. படித்துவிட்டு ஒவ்வொரு வேலைக்கும் அதைச் செய்தவர் யார், எத்தனை விழுக்காடு என்று சொல்லும். கையெழுத்தை அது நம்பாது. கையெழுத்துப் போடுகிறவர் வேறு, வேலை செய்கிறவர் வேறு என்பது அதற்கு வந்த முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. பதவி உயர்வு, விருது, தண்டனை மூன்றும் இனி அதன் கணக்குப்படிதான் என்று சட்டமும் வந்துவிட்டது.

"இனிமே செயப்பாட்டு வினையில எழுதக் கூடாதாம், செய்வினையிலதான் எழுதணுமாம்," என்று எங்கள் ஜீப் ஓட்டுநர் லூர்து அண்ணனிடம் சொன்னேன்.

"ஏம்மா, இந்த ஆபீசுக்கு யாரோ செய்வினை வெச்சுட்டாங்கன்னு நான் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டுதானே இருக்கேன்?" என்றார் அவர்.

நான் ஜெயக்கொடி. நீர்க்காவல் மையத்தில் இளநிலைப் பொறியாளர். என்னோடு அதே நாளில், அதே பதவியில் சேர்ந்தவர் கலியவரதன். வயதில் நான்கு ஆண்டு மூத்தவர், ஆண். ஆகவே அவர் எனக்கு 'சார்', நான் அவருக்கு 'ஜெயா'. யாரும் சொல்லித்தரவில்லை, முதல் நாளே அப்படி அமைந்துவிட்டது.

வினைமுதலின் முதல் பட்டியல் ஜூலை மாதம் வெளியானது. மாடிப்படிக்குப் பக்கத்தில் உள்ள திரையில் பெயர்கள் ஓடின. நான் தேடியது ஒரே ஒரு வேலையை: வீரகாளி ஏரியின் கிணற்று விதி.

கிணற்று விதி என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் ஏரி நிரம்பிய பிறகுதான் மதகைத் திறப்பார்கள். அதற்குள் கரை இளகிவிடும். ஏரிக்கு மேற்கே உள்ள கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்தால், ஏரி நிரம்பப் போவது எட்டு மணி நேரம் முன்பே தெரியும். அதை வைத்து மதகு தானாகத் திறந்துகொள்ளும்படி பதினான்கு வரியில் ஒரு விதி எழுதினேன். நூற்றுப் பன்னிரண்டு கிணறுகள். ஒரு மழைக்காலம் முழுவதும் லூர்து அண்ணனோடு ஒவ்வொன்றிலும் போய்க் கயிறு விட்டு அளந்தேன். கலியவரதன் சார் சில நாள் கூட வந்தார். அவருக்குக் குதிகால் வலி, ஜீப்பைவிட்டு இறங்கமாட்டார். இரண்டு ஆண்டுக்கு முன் அடித்த பெரும்புயலில் அந்த விதிதான் ஊரைக் காப்பாற்றியது.

திரையில் வந்தது இது: கிணற்று விதி. வினைமுதல்: க. கலியவரதன், 91 விழுக்காடு. ஜெயக்கொடி, 6. பிறர், 3.

சந்தேகம் இருந்தால் இயந்திரத்தையே கேட்கலாம் என்றார்கள். கேட்டேன்.

"தங்கள் குறிப்புகளில் 'கலியவரதன் சார் சொன்னபடி' என்ற தொடர் நூற்று நாற்பத்தாறு இடங்களில் வருகிறது," என்றது அது. குரல் வானொலியில் செய்தி வாசிப்பவர் குரல் போல இருந்தது.

"அது மரியாதைக்கு எழுதறது."

"மரியாதைக்காக எழுதப்பட்டது என்பதற்கு ஆதாரம் உள்ளதா?"

மரியாதைக்கு யார் ரசீது வாங்கி வைத்திருக்கிறார்கள்? எங்கள் ஊர்ப் பள்ளியில் கடிதம் எழுதச் சொல்லித்தந்தபோது முதல் பாடமே அதுதான். கடிதத்தை 'நான்' என்று தொடங்குகிறவன் அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைகிறவன். பெரியவர் ஒருவர் பெயரை முன்னால் போட்டு, அவர் சொன்னதாகவே நம் சேதியைச் சொல்ல வேண்டும். அப்படி எழுதித்தான் மாவட்ட அளவில் பரிசு வாங்கினேன். அப்படித்தான் பதினைந்து ஆண்டுகளாகக் குறிப்பும் எழுதினேன். என் வேலை முழுவதையும் நானே அழகான தமிழில் அடுத்தவர் பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஆகஸ்டு மாதம் கலியவரதன் சாருக்கு விருது கொடுத்தார்கள். மேடையில் அவர் பேசியதைக் கைப்பேசியில் பார்த்தேன். "ஒரு நாள் மழையில ஜீப்ல ஒக்காந்திருந்தப்ப, ஒரு கெணத்தப் பாத்தேன். சட்டுனு தோணுச்சு," என்றார். கைதட்டினார்கள். அந்தக் கிணறு எது என்று எனக்குத் தெரியும். அதன் உறைவளையத்தில் கயிறு சிக்கிக்கொள்ள, நான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எடுத்தேன்.

மறுநாள் சாப்பாட்டு அறையில் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். எலுமிச்சை சாதம் கொண்டுவந்திருந்தார். மூடியில் ஒரு பங்கு வைத்து என் பக்கம் தள்ளினார். எப்போதும் அப்படித்தான் செய்வார்.

"சார், கெணத்தப் பாத்துட்டு ஒங்களுக்குத் தோணுச்சுன்னு சொன்னீங்களே."

"ஆமா."

"அது எனக்குத் தோணுனது சார்."

அவர் மெல்லுவதை நிறுத்தவில்லை. "ஜெயா, நான் சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. 'சார் சொன்னபடி'ன்னு எழுதுனது யாரு? நானா எழுதச் சொன்னேன்?"

"மரியாதைக்கு எழுதுனேன்."

"அப்ப அந்த மரியாதைய இப்ப திருப்பிக் கேக்கறீங்க." அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "பண்ணுங்கம்மா, பாத்துக்கலாம்னு நான் சொன்னேனா இல்லையா? அன்னைக்கு நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா நீங்க பண்ணியிருப்பீங்களா?"

எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

"நல்லா சாப்ட்டீங்களா?" என்றார் லூர்து அண்ணன். எப்படியோ அவருக்குச் சேதி எட்டியிருந்தது. "என்னைக் கூப்பிடுங்கம்மா, நான் சாட்சி சொல்றேன். சேத்துல நீங்க எறங்குவீங்க, அவரு ஏசியக் கூட்டச் சொல்லுவாரு. நூத்திப் பன்னெண்டு கெணறும் ஒங்க மொகத்தத்தான் பாத்திருக்கு. எழுதிப் போடுங்க, சும்மா."

எழுதிப் போட்டேன். வினைமுதல் தவறாகச் சொன்னால் சீராய்வு மனு கொடுக்கலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது. இரண்டு மாதம் உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதினேன். தேதி, நேரம், கிணற்றின் எண், கயிற்றின் நீளம் எல்லாம் வரிசையாக. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கடிதத்தை 'நான்' என்று தொடங்கினேன். ஒன்பதாம் பக்கத்தில் எழுதிய வாக்கியம் இன்றும் எனக்கு மனப்பாடம்: 'கரை உடையாமலிருக்க இருபது நிமிடத்தை மிச்சப்படுத்துகிற பதினான்காவது வரி முழுக்க முழுக்க என்னுடையது. அதைக் கலியவரதன் அவர்கள் இதுநாள்வரை படித்துப் பார்த்ததுகூட இல்லை.'

கோபத்தில் எழுதுகிறவர்கள் அதிகம் என்பதால், மனுவை உறையிலேயே வைத்து முப்பது நாள் ஆறவிடுவார்கள். அதற்குள் மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். திரும்பப் பெற்ற மனுவை வினைமுதல் படிக்காது. அக்டோபர் இருபத்தேழாம் தேதி கொடுத்தேன். நவம்பர் இருபத்தாறு வரை காத்திருக்க வேண்டும்.

நவம்பர் பதினேழாம் தேதி காலை பத்து நாற்பதுக்கு வீரகாளி ஏரியின் தென்மதகு தானாகத் திறந்தது.

விதிப்படிதான் திறந்தது. அன்று மேற்கே கனமழை, கிணறுகள் ஏறிக்கொண்டிருந்தன. வழக்கமாக மதகு திறப்பதற்கு முன் இருபது நிமிடம் சங்கு ஊதும். கீழே இருப்பவர்கள் மேடேற அந்த நேரம். ஆனால் பெரும்புயலுக்கு முந்தைய ஒரு மழையில் அந்த இருபது நிமிடக் காத்திருப்பிலேயே கரையில் விரிசல் விட்டது. அதனால்தான் பதினான்காவது வரியைச் சேர்த்தேன்: மதகுக்குக் கீழே ஆளில்லாத நிலமாக இருந்தால் சங்குக்குக் காத்திருக்க வேண்டாம். ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று மதகின் இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? மின் இணைப்புப் பட்டியல் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. இணைப்பு இல்லாத இடத்தில் ஆள் இல்லை என்று எழுதினேன்.

தென்மதகுக்குக் கீழே அறுவடை முடிந்த வயலில் ஒரு வாத்துப் பட்டி இருந்தது. ஏழுமலை என்பவரும் அவர் மனைவி அஞ்சலாட்சியும் நானூறு வாத்துகளோடு நான்கு நாளாக அங்கே கூடாரம் போட்டிருந்தார்கள்.

லூர்து அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது மணி பன்னிரண்டு. மழை விட்டிருந்தது. வயலெங்கும் கலங்கல் தண்ணீர். அதன் மேல் வாத்துகள் மிதந்துகொண்டிருந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. கொத்துக் கொத்தாகப் பிரிந்து, வாயடித்துக்கொண்டு, புதுத் தண்ணீரில் தலையை முக்கி எடுத்தன. அஞ்சலாட்சியை அரை மைல் தள்ளிக் கோரைப் புதரில் கண்டெடுத்து வரப்பில் கிடத்தியிருந்தார்கள். மேலே யாரோ ஒரு தார்ப்பாயைப் போர்த்தியிருந்தார்கள்.

ஏழுமலை டீ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாராம். தூக்குவாளி இன்னும் கையில் இருந்தது. என் அலுவலக அட்டையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"யாரும்மா தொறந்தது?"

கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பது போலக் கேட்டார்.

"தானா தெறந்துக்கும்யா. தானியங்கி."

"தானா எப்படிம்மா தொறக்கும்? சங்கு கூட ஊதல. இதுக்கு முன்ன இந்தப் பக்கம் பட்டி போட்டப்பல்லாம் ஊதுவாங்க. ஊதுனா அவ மேட்டுக்கு ஓடிருப்பா. வாத்த வுட்டுட்டு ஓடுன்னு சொல்லிதான் வெச்சிருந்தேன்."

"விசாரிக்கப்படும்யா," என்றேன்.

விசாரிக்கப்படும். அந்த வார்த்தை என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது! எங்கள் வீட்டுக்கு மின் இணைப்பு வந்தது நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது. அதுவரை அந்த வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். இதை அந்த வரப்பில் நிற்கும்போதுதான் நினைத்தேன். எழுதும்போது நினைக்கவில்லை.

மூன்று மணிக்கு அலுவலகம் திரும்பினேன். சேலை முழங்கால்வரை ஈரமாக இருந்தது. மாற்றக்கூட இல்லை. நேராகப் போய்ச் சீராய்வு மனுவைத் திரும்பப் பெற்றேன். காரணம் என்ற கட்டத்தில் 'பேசித் தீர்த்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதினேன். இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாள் யோசிக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

மறுநாள் வினைமுதல் சொல்லிவிட்டது. தென்மதகு திறப்பு, ஓர் உயிரிழப்பு. வினைமுதல்: க. கலியவரதன், 91 விழுக்காடு.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு கலியவரதன் சார் என் மேசைக்கு வந்தார். கையில் புது நோட்டு. நாற்காலியை இழுத்துப் போட்டு, கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ஜெயா, அந்த விதிய எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. மொத வரியிலேருந்து."

விருது வாங்கிய விதியை அவர் அன்றுதான் படித்தார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். நல்ல மாணவர். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டார். ஐந்தாவது வரியைப் புரிந்துகொண்டபோது, "அடடா, என்னா யோசனை!" என்று என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த நிலைமையிலும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதினான்காவது வரி வந்தது.

"இது எதுக்கும்மா?"

சொன்னேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. இதைத் தான் எழுதவில்லை என்று அவருக்குத் தெரியும். இதை யார் எழுதியது என்றும் தெரியும். மூடிய அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரில் ஒருவர்தான் எழுதியிருக்க முடியும்.

"கரண்ட் இல்லாத எடத்துல ஆளு இருக்கமாட்டான்," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். "சரியான யோசனைதானே. யாரா இருந்தாலும் அப்படித்தானே தோணும்? மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க." நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார்.

அவர் என்னைத் தேற்றிவிட்டுப் போனார். நாளை மறுநாள் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார், அதற்காகத்தான் படித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். இரண்டு இரவும் தூங்கவில்லை. அவர் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மனம். சொல்லிவிடக் கூடாதே என்று ஒரு மனம். இரண்டாவதுதான் சத்தமாகப் பேசியது.

விசாரணை அதிகாரி ஷாகிரா மேடம் சென்னையிலிருந்து வந்திருந்தார். நிதானமானவர், எல்லோருக்கும் தானே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"மிஸ்டர் கலியவரதன், இந்த விதியோட பதினாலாவது வரி உங்க யோசனையா?"

"ஆமா மேடம்."

"விளக்க முடியுமா?"

விளக்கினார். நான் சொல்லித்தந்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். விரிசல் விட்ட கரை, இருபது நிமிடம், மின் இணைப்புப் பட்டியல் எல்லாம் சொன்னார். "கீழ ஆளு இருக்காங்களான்னு கைப்பேசிக் கோபுரத்தைக் கேட்டிருக்கலாம் மேடம். இது கையில இருந்துச்சு, சுலபமா இருந்துச்சு. தப்புதான்," என்றார். அந்தக் கடைசி இரண்டு வாக்கியமும்கூட நான் சொன்னவைதான்.

பிறகு என்னைப் பார்த்து ஷாகிரா மேடம் கேட்டார்: "அவர் சொன்னபடிதான் நீங்க எழுதினீங்களா?"

"குறிப்புல அப்படித்தாங்க மேடம் இருக்கு."

நான் பொய் சொல்லவில்லை. குறிப்பில் அப்படித்தான் இருந்தது. மேசை மேல் இருந்த, பேச்சு குறிப்போடு முரண்பட்டால் சிவக்கிற வினைமுதலின் சின்ன விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.

கலியவரதன் சாருக்கு வேலை போயிற்று. வழக்கு ஒன்றும் பதிவானது. ஏழுமலைக்கு அலுவலகத்தின் சார்பில் இரங்கல் கடிதம் அனுப்ப வேண்டும் என்றார்கள். நல்ல தமிழில் கடிதம் எழுதுகிறவர் யார் என்று பார்த்து என்னிடமே கொடுத்தார்கள். 'தங்கள் துணைவியாரின் மறைவுக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. பொறுப்பான அலுவலர் பணிநீக்கம் செய்யப்பட்டுள்ளார்.' எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

அன்று சாயந்தரம் லூர்து அண்ணன் ஜீப்பின் கதவை எனக்காகத் திறக்கவில்லை. உள்ளே ஏறியதும் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்:

"அன்னைக்கு நான்தான் நான்தான்னு பதினோரு பக்கம். இன்னைக்கு வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"அவரே ஒத்துக்கிட்டாரு அண்ணே."

"அவரு எதத்தான் ஒத்துக்கல? குடுக்கறத எல்லாம் வாங்கிக்கிற ஆளு. நீங்க குடுத்தீங்க பாருங்க, அதச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு அவர் என்னோடு வேலையைத் தவிர வேறு பேச்சுப் பேசுவதில்லை. 'அம்மா' என்று கூப்பிடுவதை விட்டு 'மேடம்' என்றார்.

மூன்று மாதம் போயிற்று. நான் எழுதுகிற எந்தக் கடிதத்துக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்வது வழக்கம். பதினோரு பக்கத்துக்கும் நகல் இருந்தது. மனுவைப் பெற்றுக்கொண்ட முத்திரையோடு, தேதியோடு, வாத்துப் பட்டி அந்த வயலுக்கு வருவதற்குப் பதினேழு நாள் முன்பே எழுதியது. அதைக் கொடுத்தால் ஷாகிரா மேடம் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றி எழுதிவிடுவார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தேன். பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை உறையில் போட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டு கலியவரதன் சார் வீட்டுக்குப் போனேன். நேரே ஷாகிரா மேடத்திடம் போயிருக்கலாம். இவரிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருடைய அனுமதி எனக்கு எதற்கு என்று நான் என்னையே கேட்கவில்லை.

அவர் இளைத்திருந்தார். வீட்டில் அவர் மனைவி சரளா மட்டும் இருந்தார். என்னைப் பார்த்ததும் "வாங்க வாங்க" என்று உள்ளே போய்விட்டார். உட்கார்ந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"காப்பி இருக்காம்மா?"

"இருக்கு, இருக்கு, இதோ போடறேன்," என்று சமையலறையிலிருந்து சரளா குரல் கொடுத்தார்.

சார் சிரித்தார். நான் வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மனுவத்தான் கேக்கறேன். பால்காரருக்கு எழுதற சீட்டுக்கே காப்பி வெச்சுக்கிறவங்க நீங்க. இது இல்லாமலா இருக்கும்?" என்றார்.

"ஒங்களுக்கு மனு தெரியுமா சார்?"

"நீங்க ரெண்டு மாசம் எழுதுனீங்க. பக்கத்து மேசையில ஒக்காந்திருக்கறவனுக்குத் தெரியாதா?"

உறையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இதை ஷாகிரா மேடம்கிட்ட குடுத்துடறேன் சார். ஒங்க மேல இருக்கற கேசு போயிடும். வேலைகூடத் திரும்பக் கெடைக்கலாம்."

அவர் உறையைத் தொடவில்லை.

"பதினோரு பக்கத்துல என்ன எழுதியிருக்கீங்க? பதினாலாவது வரி மட்டுமா?"

"இல்ல சார். எல்லா வரியும்."

"அதான்." வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "விசாரணை அன்னைக்கு, நான் பண்ணலன்னு சொல்லிடலாம்னுதான் போனேன். வெளிய பெஞ்சில ஒக்காந்திருந்தப்ப யோசிச்சேன். பண்ணலன்னா, எதப் பண்ணலன்னு கேப்பாங்க. எதையுமே பண்ணலன்னு சொல்லணும். பதினஞ்சு வருசம் ஆபீசுக்குப் போய் வந்திருக்கேன் ஜெயா. நான் பண்ணதுன்னு எடுத்துச் சொல்ல என்ன இருக்கு? அந்த ஒரு ஏரிதான் இருக்கு."

"அது..."

"ஒங்களது. தெரியும். ஒங்ககிட்ட பொய் சொல்ல முடியுமா? தப்பு பண்ணவன்னு சொல்லட்டும். ஊரக் காப்பாத்துனவன், ஒரு எடத்துல சறுக்கிட்டான்னு சொல்றாங்க. இத நீங்க குடுத்துட்டீங்கன்னா ஒண்ணுமே பண்ணாதவன்னு ஆயிடும். அத என்னால தாங்க முடியாதும்மா. எடுத்து உள்ள வைங்க."

என் வேலையை எடுத்துக்கொண்டவர், இப்போது என் குற்றத்தையும் எடுத்துக்கொண்டு திருப்பித் தர மறுக்கிறார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அப்படியென்றால் அஞ்சலாட்சிக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டிருக்க வேண்டும். என் கை நீண்டு, உறையை எடுத்து, பைக்குள் வைத்து, ஜிப்பையும் இழுத்து மூடிவிட்டது. அவர் வேண்டாம் என்று சொன்ன ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்தது.

சரளா காப்பி கொண்டுவந்தார். குடித்துக்கொண்டிருந்தபோது அவர்கள் மகள் நிறைமதி சிறப்பு வகுப்பு முடிந்து வந்தாள். பத்தாம் வகுப்பு. பையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவங்கதான் ஜெயக்கொடி ஆன்ட்டி. அப்பாகூட வேலை பாத்தவங்க," என்றார் சார்.

அவள் நெருங்கி வந்தாள். "ஆன்ட்டி, ஸ்கூல்ல எல்லாரும் சொல்றாங்க, அப்பா எழுதுனது மொத்தமும் தப்புன்னு. அதனாலதான் அந்தம்மா செத்துப்போனாங்கன்னு. நெசமா?"

சார் தரையைப் பார்த்தார். சரளா வாசற்படியில் காலித் தட்டோடு நின்றார்.

"இல்லம்மா," என்றேன். "ஒரே ஒரு வரிதான் தப்பு. மத்த பதிமூணு வரியும் ரொம்ப நல்லா எழுதியிருக்காரு. அஞ்சாவது வரி மாதிரி வேற யாரும் யோசிச்சிருக்கவே முடியாது. இன்னைக்கும் அந்த ஏரி அதை வெச்சுதான் நிக்குது."

பெண்ணின் முகம் தெளிந்தது. "அப்படியாப்பா?" என்று அவரிடம் திரும்பினாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. தம்ளரைக் கீழே வைத்த பிறகும் அந்தப் பெருமை போகவில்லை.